முகமும் குரலும் திருடப்பட்டால்: டீப்ஃபேக்குக்கு எதிராக எதை முதலில் செய்வது?

டீப்ஃபேக், அதாவது ஒருவரின் முகத்தையோ குரலையோ செயற்கை நுண்ணறிவால் போலியாக ஒட்டிய படம், காணொளி, ஒலிப்பதிவு பற்றிய செய்திகளில் பெரும்பாலும் நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும்தான் வருகிறார்கள். அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரு மறுப்பு அறிக்கை வெளியிட்டால் நாடு முழுவதும் போய்ச் சேருகிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. இன்ஸ்டாகிராமில் நான்கைந்து படங்கள் போட்டிருக்கும் கல்லூரி மாணவிக்கும், ஆன்லைனில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், கடை விளம்பரத்துக்காகத் தன் குரலைப் பதிவு செய்த வியாபாரிக்கும், பேரப்பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் எழுதுகிறேன். முகமோ குரலோ திருடப்பட்டால் இவர்கள் எந்த வாசலில் போய் நிற்பது?

“உங்கள் முகமும் குரலும் உங்களுக்கே சொந்தம்” என்று நேரடியாகச் சொல்லும் தனிச்சட்டம் எதுவும் இந்தியாவில் இன்னும் இல்லை. டென்மார்க் அரசு 2025இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மனிதருக்கும் தம் முகம், குரல், உடல் தோற்றம் ஆகியவற்றின்மீது உரிமை தரும் மசோதாவை முன்வைத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பாடகர்களின் குரலைக் காக்கும் எல்விஸ் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டங்களிலேயே போதிய பலம் இருக்கிறது. அவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்று தெரியாமல்தான் பலர் பாதி வழியில் சோர்ந்துவிடுகிறார்கள். முதலில் சான்று, அடுத்து நீக்கம், பிறகு போலீஸ், தேவைப்பட்டால் நீதிமன்றம். பதற்றத்தில் இந்த வரிசை தலைகீழானால் வழக்கு பலவீனமாகிவிடும்.

நீக்கச் சொல்வதற்கு முன் சேமியுங்கள்

படத்தைப் பார்த்ததும் “உடனே அது மறைய வேண்டும்” என்றுதான் மனம் துடிக்கும். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். தளம் அதை நீக்கிவிட்ட பிறகு, அப்படி ஒன்று இருந்தது என்பதற்கே உங்களிடம் ஆதாரம் இருக்காது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். மேலே உள்ள இணைய முகவரி, வெளியிட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம், அதன்கீழ் உள்ள கருத்துகள் எல்லாம் தெரிய வேண்டும். கணினியில் திறந்து எடுத்தால் முழு முகவரியும் தெரியும். பதிவின் இணைப்பையும், அந்தக் கணக்கின் முகப்புப் பக்க இணைப்பையும் தனித்தனியாக நகலெடுத்து ஓரிடத்தில் வையுங்கள். காணொளி என்றால் திரைப்பதிவு செய்யுங்கள்: கணக்கின் பக்கத்திலிருந்து தொடங்கி, பதிவைத் திறந்து, இறுதிவரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்திருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். அனுப்பிய எண், குழுவின் பெயர், குழு நிர்வாகியின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் “இப்படி ஒன்று சுற்றுகிறது” என்று சொன்னால், அதை உங்களுக்கு மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள்; எங்கிருந்து வந்தது என்பதைத் தம் போனிலேயே அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னால் அவர் சாட்சியாகலாம்.

பலர் மறந்துவிடும் ஒரு சான்று உண்டு: திருடப்பட்ட அசல் படம். போலிப் படத்தில் உள்ள முகம் எந்தப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று உங்களால் பெரும்பாலும் அடையாளம் காண முடியும். அதே தலைச்சாய்வு, அதே பொட்டு, அதே வெளிச்சம் இருக்கும். அந்த அசல் கோப்பைப் போனிலிருந்து நேரடியாக எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் போதாது. எப்போது, எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்ற விவரங்கள் அதில் உதிர்ந்துபோயிருக்கும். அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விசாரணை அதிகாரிக்கு விளக்கம் தேவைப்படாது.

இங்கே குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணுக்கு இப்படி நடந்தது என்று தெரிந்ததும் போனைப் பிடுங்கி வைப்பதும், “எல்லாக் கணக்கையும் அழித்துவிடு” என்று கத்துவதும் பல வீடுகளில் நடக்கிறது. கணக்கை அழித்தால் அசல் படம் எப்போது பதிவேறியது, யார் பார்க்கும்படி இருந்தது, மிரட்டல் செய்தி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதற்கான தடங்களும் போய்விடும். படம் போட்டது குற்றமல்ல. அதைத் திருடி ஒட்டியவன்தான் குற்றவாளி. அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் தேவை, கூட உட்கார்ந்து இணைப்புகளைக் குறித்துக் கொடுக்கும் ஓர் ஆள்.

இந்தச் சான்றுகள் நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டும் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, அந்தக் கருவி சரியாக இயங்கியதா, கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்தொடர்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். ஒரு பகுதியை நீங்களும் மற்றொரு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். இப்போதே அதைச் செய்ய வேண்டாம், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

எதிராளியிடம் பேரம் பேசாதீர்கள். “பணம் அனுப்பு, இல்லையேல் உன் அப்பாவுக்கு அனுப்புவேன்” என்பவனுக்கு ஒரு முறை பணம் போனால் அடுத்த கேட்பு கூடுதலாகவே வரும். பதில் சொல்லாமல் செய்திகளைச் சேமித்துவிட்டு, அதன்பின் கணக்கைத் தடை செய்யுங்கள்.

படத்தில் இருப்பது 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால்

மேலே சொன்ன சேமிப்பு முறை இங்கே பொருந்தாது. ஒரு சிறுமியின் அல்லது சிறுவனின் முகத்தை ஒட்டிய ஆபாசப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், பதிவிறக்காதீர்கள், “பாருங்கள், எவ்வளவு கொடுமை” என்று பள்ளிப் பெற்றோர் குழுவில் போடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, உருவாக்குவதை மட்டுமல்லாமல் சேகரிப்பதையும் பதிவிறக்குவதையும் பகிர்வதையும் தண்டிக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வரையறையில், உண்மைக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கணினியில் உருவாக்கிய படமும் அடங்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில், இத்தகைய படத்தைப் பார்த்ததும் வைத்திருந்ததும் மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. நல்ல எண்ணத்தில் வைத்திருந்தேன் என்று விளக்கம் சொல்லும் நிலைக்குப் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

இணைப்பையும் கணக்கின் பெயரையும் மட்டும் தாளில் எழுதிக்கொண்டு நேரே போலீஸுக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. படத்தைப் பற்றித் தெரிந்த எவரும், பள்ளி நிர்வாகம் உட்பட, போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோ 19ஆம் பிரிவு. “பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் முடித்துக்கொள்வோம்” என்று யாராவது சொன்னால் அதற்குத் தலையாட்டாதீர்கள்.

தளத்திடம் புகார்

சாதாரண மனிதரின் கையில் உள்ள மிகக் கூர்மையான கருவி இதுதான் என்பது என் கருத்து. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(பி) என்ற விதி இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தைக் காட்டும் படம், நிர்வாணமாகவோ அரை நிர்வாணமாகவோ காட்டும் படம், செயற்கையாக உருமாற்றிய படம் உட்பட ஆள்மாறாட்டமாக அமைந்த எதுவானாலும், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் தளம் அதை நீக்க வேண்டும். 2021இல் இதற்கு 24 மணி நேரக் கெடு இருந்தது. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 2 மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. நீதிமன்ற ஆணை தேவையில்லை, முதல் தகவல் அறிக்கையும் தேவையில்லை. உங்கள் சார்பில் வேறொருவர்கூடப் புகார் தரலாம். நடுங்கும் கையோடு படிவம் நிரப்ப முடியாதவருக்காக அக்காவோ நண்பரோ அதைச் செய்யலாம்.

எங்கே புகார் கொடுப்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி “எனக்குப் பிடிக்கவில்லை” என்று தெரிவிப்பது சட்டப்படியான புகாராகாது. ஆள்மாறாட்டம், அனுமதியில்லாத அந்தரங்கப் படம், தனியுரிமை மீறல் ஆகியவற்றில் பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதோடு நிறுத்தாமல், அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு பெரிய தளமும் அவர் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட்டிருக்க வேண்டும். மின்னஞ்சலில் இவ்வளவு போதும்:

“கீழ்க்காணும் இணைப்பில் உள்ள காணொளியில் இருப்பது என் முகம். உடலும் செயலும் என்னுடையவை அல்ல, செயற்கையாக உருவாக்கப்பட்டவை. இதற்கு நான் ஒப்புதல் தரவில்லை. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021இன் 3(2)(பி) விதியின்கீழ் இதை உடனடியாக நீக்கவும், வெளியிட்ட கணக்கின் விவரங்களை விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்கவும் கோருகிறேன்.”

இதையே ஆங்கிலத்திலும் எழுதி, இணைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதிவு நீக்கப்பட்டாலும் அதைப் போட்டவரின் தடம் அழியாமல் இருக்க அந்தக் கோரிக்கை உதவும். புகார் அனுப்பிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

யூடியூபில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட காணொளி உங்களைப் போலவே தோன்றினாலோ உங்கள் குரல்போல ஒலித்தாலோ, தனியுரிமைப் புகார்ப் படிவத்தில் அதைத் தெரிவிக்கலாம். 2024இல் இந்த வசதி வந்தது. அந்தரங்கப் படங்களுக்கு ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை மிக உதவியானது. 18 வயது நிறைந்தவர்கள் அதில் தங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்தால், படம் போனைவிட்டு வெளியே போகாது. படத்தின் கைரேகைபோன்ற ஓர் எண்தொடர் மட்டும் உருவாகி, அதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குச் செல்லும். அதே படம் அங்கே மறுபடி பதிவேறினால் அவை கண்டுபிடித்துவிடும். டீப்ஃபேக் படங்களையும் ஏற்கிறார்கள். 18 வயதுக்குள் இருந்தபோது எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற இன்னொரு சேவை உண்டு. கூகுள் தேடலில் வரும் போலி ஆபாசப் படங்களை நீக்கக் கூகுளிடமே தனிப் படிவம் இருக்கிறது. தேடல் முடிவிலிருந்து போனாலே பாதிப் பரவல் நின்றுவிடும்.

செல்ஃபியிலிருந்து முகம் எடுக்கப்பட்டிருந்தால், அந்தப் படத்தின் பதிப்புரிமை எடுத்தவரான உங்களுடையது. எனவே பதிப்புரிமை மீறல் புகாரும் கொடுக்கலாம். தனியுரிமைப் புகாருக்கு அசையாத சில தளங்கள் பதிப்புரிமை என்ற சொல்லுக்கு விரைவாக அசைகின்றன.

தளம் மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2023 முதல் செயல்படுகிறது. குறைதீர் அலுவலரின் பதில் வந்த 30 நாள்களுக்குள் இணையம் வழியாகவே முறையிட வேண்டும். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: 2025 மே 19இல் அங்கே டேக் இட் டவுன் சட்டம் கையெழுத்தானது. மேலே சொன்ன சேவையின் பெயரும் இதுவே, ஆனால் இரண்டும் வேறு. டீப்ஃபேக் உட்பட அனுமதியில்லாத அந்தரங்கப் படங்களை, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

போலீஸ் புகார்

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற முகவரியில் பதியலாம். பணமும் போயிருந்தால் முதலில் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாள்களுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும் என்பதால், தமிழ்நாட்டில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கே நேராகப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

புகாரில் சட்டப் பிரிவுகளை எழுதுவது உங்கள் கடமையல்ல. ஆனாலும் தெரிந்துவைத்திருந்தால் உரையாடலின் போக்கே மாறும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், அடுத்தவரின் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது 66சி. அடையாளத்தை வைத்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்று ஆண்டுவரை சிறை. ஆபாசமான படம் என்றால் 67. வெளிப்படையான பாலியல் செயல் என்றால் 67ஏ, முதல் முறைக்கே ஐந்து ஆண்டுவரை சிறையும் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதமும். 66இ என்ற அந்தரங்க மீறல் பிரிவையும் சேர்ப்பார்கள். ஆனால் அது உண்மையான உடலைப் படமெடுப்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு. செயற்கையாக உருவாக்கிய உடலுக்குப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது. அதை மட்டும் நம்பிய புகார் வேண்டாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பெயரைக் கெடுக்கும் நோக்கில் போலி ஆவணம் செய்வது 336(4), மிரட்டிப் பணம் பறிப்பது 308, பெண்ணின் கண்ணியத்தை அவமதிப்பது 79. கடைசிப் பிரிவு வரும் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

“இது அவதூறு வழக்கம்மா, கோர்ட்டுக்குப் போங்கள்” என்று சிலர் அனுப்பப் பார்ப்பார்கள். அவதூறு, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம்தான். ஆனால் 66சி அப்படியல்ல; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77பி பிரிவுப்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமலே போலீஸ் வழக்குப் பதியலாம். இந்த ஒரு வரியைப் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்தால் அது தொடக்கம்தான். முதல் தகவல் அறிக்கை ஆகாது. இந்த வகைக் குற்றங்களில் வழக்குப் பதியும் முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அது முடிந்ததும் மறுபடி போய்க் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார். அதற்கும் அசையாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

இந்தப் புகார்களால் என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ரஷ்மிகா மந்தனாவின் வழக்கைப் பார்க்கலாம். 2023 நவம்பரில் அவர் முகம் ஒட்டப்பட்ட காணொளி பரவியது. டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்து, 2024 ஜனவரியில் ஆந்திரத்தின் குண்டூரில் ஓர் இளைஞரைக் கைது செய்தது. பிரபலத்தின் வழக்கு என்பதால் அந்த வேகம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் கணக்கை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த வழக்கில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. காணொளியில் இருந்த உடல் வேறொரு பெண்ணுடையது. அவரும் பாதிக்கப்பட்டவரே, ஆனால் அவரைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. உங்கள் காணொளியில் இன்னொருவரின் முகம் ஒட்டப்பட்டிருந்தால், நீங்களும் தனியாகப் புகார் தரலாம்.

நீதிமன்றத்துக்கு எப்போது?

படம் நீக்க நீக்க வேறு தளங்களில் முளைக்கும்போதும், வெளிநாட்டு இணையதளங்கள் எதற்கும் பதில் தராதபோதும் நீதிமன்றம்தான் வழி. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டார். அவருடைய அந்தரங்கப் படங்கள் இணையதளங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, பாதிக்கப்பட்டவர்கள் எங்கெல்லாம் முறையிடலாம், யார் என்ன செய்ய வேண்டும் என்ற நெறிமுறையை அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்டது. அது டீப்ஃபேக் வழக்கல்ல. ஆனால் அதில் திறந்த வழி டீப்ஃபேக்கால் பாதிக்கப்பட்டவருக்கும் பயன்படும். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் பெண்கள் உதவி கேட்கலாம். உதவி எண் 181.

இணையத்தில் தேடினால் “ஆளுமை உரிமை” என்ற சொல் அடிக்கடி வரும். 2015இல் ரஜினிகாந்த் தம் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். 2023இல் அனில் கபூர் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு எதிராக டெல்லியிலும், 2024இல் அரிஜித் சிங் குரல் நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக மும்பையிலும் ஆணை பெற்றார்கள். இவை முக்கியமான தீர்ப்புகள்தான். ஆனால் இவை புகழின் வணிக மதிப்பைச் சார்ந்து நிற்பவை. புகழ் இல்லாதவர் இந்த வழியில் போய், “உங்கள் முகத்துக்குச் சந்தையில் என்ன மதிப்பு?” என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டிய அவசியமில்லை.

உங்களுக்கான அடித்தளம் தனியுரிமை. அதன் முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே போனது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்தது. கூடவே, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் ஒப்புதலின்றி, விளம்பரத்துக்காகவோ வேறு எதற்காகவோ பயன்படுத்துவது தனியுரிமை மீறல் என்றும் சொன்னது. அங்கே “பிரபலமான ஒருவர்” என்ற நிபந்தனை இல்லை. 2017இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள். உங்கள் மனு இந்த இரண்டின்மீது நிற்கட்டும்.

எதிராளி யாரென்றே தெரியாவிட்டாலும் வழக்குப் போடலாம். அடையாளம் தெரியாத பிரதிவாதிக்கு இந்திய நீதிமன்றங்களில் “அசோக் குமார்” என்று பெயரிடுவது வழக்கம். தடையாணை கேட்கும்போது மூன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்: இப்போதுள்ள இணைப்புகளை நீக்குதல், பின்னால் முளைக்கும் நகல்களுக்கும் அதே ஆணை பொருந்துதல், கணக்கு வைத்திருப்பவரின் விவரங்களைத் தளம் ஒப்படைத்தல். மூன்றாவது இல்லாவிட்டால் ஆள் யாரென்பது கடைசிவரை தெரியாமலே போகலாம்.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள் கவனிக்க: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

குரல் மட்டும் திருடப்பட்டால்

“அம்மா, ஆக்ஸிடென்ட் ஆகிவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே பணம் அனுப்பு” என்று மகனின் குரலே அழும்போது சட்டம் யோசிக்க நேரமிருக்காது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவன் வழக்கமான எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது நல்லது. பணம் போய்விட்டால் வங்கிக்கு ஓடும் முன் 1930ஐ அழையுங்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்குவதற்குத்தான் அந்த எண். பிறகு 66டி பிரிவில் புகார். உங்கள் குரலை வைத்து வேறொருவரை ஏமாற்றியிருந்தால், ஏமாந்தவர் ஒரு புகாரும் நீங்கள் 66சியில் இன்னொரு புகாரும் தருவது நல்லது. நாளை அவர் உங்கள்மீதே சந்தேகப்படாமல் இருக்கவும் அது உதவும்.

ஒப்புதல் கொடுத்துவிட்டவர்களுக்கு

டப்பிங் கலைஞர்கள், விளம்பர மாடல்கள், ஆன்லைன் ஆசிரியர்கள், யூடியூபில் பேசுபவர்கள் விஷயத்தில் சிக்கல் வேறு விதமானது. திருட்டு நடப்பதில்லை, நீங்களே கையெழுத்திட்ட தாளில் உரிமை போய்விடுகிறது. “எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், உங்கள் பதிவைக் கொண்டு, உங்களைப்போலப் பேசும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைப் பழக்கி, நீங்கள் பேசாததையும் உங்கள் குரலில் பேசவைக்க அதையே அவர்கள் காட்டக்கூடும். கையெழுத்திடும் முன் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்தப் பதிவைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கோ குரல், உருவ நகலெடுப்புக்கோ பயன்படுத்தக் கூடாது, அப்படிப் பயன்படுத்துவதானால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியான எழுத்துபூர்வ ஒப்புதலும் தனிச் சம்பளமும் வேண்டும்.

குடும்பத்தில் கலைஞர் ஒருவர் இருந்தால் இது இன்னும் அவசரமானது. ஒருவரின் தனியுரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குச் சொத்தாக வருவதில்லை என்று ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏ.ஆர். ரகுமான் 2024இல், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். எல்லாரும் அப்படிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து இருக்க முடியாது. ஆகவே கலைஞர் உயிரோடு இருக்கும்போதே, தம் குரலும் உருவமும் யார் கையில், எந்த நிபந்தனையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தங்களிலும் உயிலிலும் எழுதிவைக்கட்டும். குரல்பதிவுகளின் மூலக் கோப்புகளையும் குடும்பத்தின் கையிலேயே வைத்திருக்கட்டும்.